555 ஐசியில் டைமர் சர்க்யூட்: சோதித்துச் சோதித்துக் கட்டும் முறை

பட்டனை ஒருமுறை தட்டினால் எல்இடி எரிய வேண்டும், குறித்த நேரம் ஆனதும் தானாக அணைய வேண்டும். நாம் கட்டப் போவது இவ்வளவுதான். புதிதாகப் பழகுகிற பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கட்ட உதவியிருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். படத்தைப் பார்த்து எல்லாப் பாகங்களையும் ஒரே மூச்சில் சொருகிவிட்டு, கடைசியில் பேட்டரியை மாட்டி, எரியவில்லை என்றதும் எங்கே தேடுவது என்று புரியாமல் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு பகுதியையும் கட்டியவுடன் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

555 ஐசி ஒன்று. நேரம் பிடிக்கும் வேலையைச் செய்யும் எட்டுக் கால் சிப் இது. கடையில் என்ஈ 555 என்று கேட்டால் கிடைப்பது போதும். பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் பாகங்களைச் சொருகும் துளைப்பலகை, ஒரே குறுக்கு வரிசையின் துளைகள் உள்ளே இணைந்திருக்கும்), ஜம்பர் ஒயர்கள், 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும், சிறிய புஷ் பட்டன், சிவப்பு எல்இடி.

ரெசிஸ்டர்களில் 470 ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் இரண்டு, 100 கிலோ ஓம் ஒன்று. கெப்பாசிட்டர்களில் 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிடிக் ஒன்று (25 வோல்ட் தாங்குவது), மேலே 103 என்று அச்சிட்ட செராமிக் ஒன்று, 104 என்று அச்சிட்டது ஒன்று. 103 என்றால் 10 நானோ ஃபாரட், 104 என்றால் 100 நானோ ஃபாரட்.

மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். மலிவானதே போதும், ஆனால் அது இல்லாமல் தொடங்காதீர்கள், கீழே வரும் சோதனைகளில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது.

ரெசிஸ்டர்களைப் போர்டில் சொருகும் முன்பே மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்துவிடுங்கள். 10 கிலோ என்றால் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 100 கிலோ என்றால் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சையும் மஞ்சளையும் மாற்றிப் படிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். சர்க்யூட்டுக்குள் போன பிறகு அளந்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்துகொண்டு மீட்டர் வேறு எதையோ காட்டும்.

2. நேரக் கணக்கு, இரண்டே நிமிடம்

நேரம் (விநாடியில்) = 1.1 × ரெசிஸ்டர் (ஓமில்) × கெப்பாசிட்டர் (ஃபாரடில்).

மெகா ஓமையும் மைக்ரோ ஃபாரடையும் பெருக்கினால் நேராக விநாடி வந்துவிடும், பூஜ்ஜியங்களை எண்ணித் தவற வேண்டாம். 100 கிலோ ஓம் என்பது 0.1 மெகா ஓம். 0.1 × 100 × 1.1 = 11 விநாடி. அதே இடத்தில் 10 கிலோ ஓம் போட்டால் 1.1 விநாடி.

இந்த 1.1 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் கோளாறு தேடும்போது உதவும். பட்டனைத் தட்டியதும் ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் மெல்ல நிரம்புகிறது. அதன் மேலுள்ள வோல்டேஜ் சப்ளையின் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் 555 அவுட்புட்டை அணைத்துவிட்டுக் கெப்பாசிட்டரையும் காலி செய்துவிடும். பூஜ்ஜியத்திலிருந்து அந்த மூன்றில் இரண்டு பங்குக்கு ஏற ஆகும் நேரம்தான் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பெருக்கலின் சுமார் 1.1 மடங்கு.

எல்லை சப்ளையின் பங்காக இருப்பதால் பேட்டரி 9 வோல்ட்டிலிருந்து 8-க்கு இறங்கினாலும் நேரம் பெரிதாக மாறாது: நிரம்பும் வேகம் குறையும்போது தொட வேண்டிய எல்லையும் கூடவே இறங்கிவிடுகிறது.

3. மின் பாதைகள் முதலில்

பிரெட்போர்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக ஓடும் நீளக் கோடுகள்தான் சப்ளை பாதைகள். பேட்டரியின் சிவப்பு ஒயரைச் சிவப்புக்கும், கறுப்பை நீலத்துக்கும் கொடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாதையின் இந்தக் கோடியில் ஒருமுறை, அந்தக் கோடியில் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஏன் இரண்டு கோடியும்? நீளமான சில போர்டுகளில் இந்தப் பாதை நடுவில் துண்டாக இருக்கும், அச்சிட்ட கோடு விட்டுப்போயிருப்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். அங்கே மறு பாதியில் மின்சாரமே இருக்காது. ஒரு சின்ன ஜம்பரால் இணைத்துவிட்டால் தீர்ந்தது. இடப்பக்கப் பாதைகளை வலப்பக்கப் பாதைகளோடும் இப்போதே இணைத்துக்கொள்ளுங்கள், ஐசிக்கு இரண்டு பக்கமும் சப்ளை தேவைப்படும்.

அளந்தாயிற்றா? பேட்டரியைக் கழற்றுங்கள். இனி எதைச் சொருகினாலும் பிடுங்கினாலும் பேட்டரி கழன்றிருக்க வேண்டும்.

4. எல்இடி தனியாக எரிகிறதா

ஐசி வரும் முன்பே இதை முடித்துவிடலாம். எல்இடியின் நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். குட்டைக் காலை நீலப் பாதையில் கொடுங்கள். நீளக் காலோடு 470 ஓமின் ஒரு முனையைச் சேருங்கள். ரெசிஸ்டரின் மறுமுனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, பேட்டரியை மாட்டிவிட்டு அதைச் சிவப்புப் பாதையில் தொட்டுப் பாருங்கள். எரிய வேண்டும்.

எரியவில்லை என்றால் எல்இடி திரும்பியிருக்கிறது, அல்லது கால்கள் ஒரே வரிசைக்குள் விழவில்லை. இங்கேயே சரிசெய்துவிட்டால், பிறகு எல்இடி எரியாதபோது எல்இடியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த ஒயரை இப்போதைக்குச் சும்மா விட்டுவையுங்கள், ஐசியின் 3-ஆம் கால் அதற்காகக் காத்திருக்கிறது.

470 ஓமை விட்டுவிட்டு எல்இடியை நேராகப் பேட்டரியில் கொடுக்காதீர்கள். ஒரே நொடியில் கருகிவிடும்.

5. ஐசியைப் பொருத்துதல்

புதிய ஐசியின் கால்கள் கொஞ்சம் அகன்றிருக்கும். அப்படியே அழுத்தினால் ஒரு கால் துளைக்குள் போகாமல் வயிற்றுக்கடியில் மடிந்துகொள்ளும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஐசியைப் பக்கவாட்டில் பிடித்து நான்கு கால்களையும் மேசைமேல் வைத்து லேசாக உள்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், மறுபக்கமும் அப்படியே. பிறகு போர்டின் நடுப்பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு கால் வருமாறு சொருகுங்கள்.

ஐசியின் ஒரு ஓரத்தில் அரைவட்டப் பள்ளம் இருக்கும், அல்லது ஒரு மூலையில் சிறு புள்ளி. பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால் இடப்பக்க மேல் மூலை 1-ஆம் கால். அங்கிருந்து கீழே 2, 3, 4. அப்புறம் வலப்பக்கம் கீழிருந்து மேலே 5, 6, 7, 8. இதில்தான் பலரும் தவறுகிறார்கள்: வலப்பக்கத்தையும் மேலிருந்து கீழே எண்ணி, 8 இருக்கும் இடத்தை 5 என்று நினைத்துவிடுகிறார்கள். 1-க்கு நேர் எதிரே இருப்பது 8 என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

6. மாறாத கால்கள்: 1, 8, 4, 5

1-ஆம் காலை நீலத்துக்கும் 8-ஆம் காலைச் சிவப்புக்கும் கொடுங்கள். 4-ஆம் காலையும் சிவப்புக்கு. அது ரீசெட் கால், அது கீழே இழுக்கப்பட்டால் அவுட்புட் உடனே அணைந்துவிடும். அதைச் சும்மா விட்டாலும் சில சமயம் வேலை செய்யும், கையைக் கிட்டே கொண்டுபோனால் தானாக அணையும். அப்படி ஒருநாள் ஓடி ஒருநாள் ஓடாத சர்க்யூட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

5-ஆம் காலுக்கும் நீலத்துக்கும் நடுவே 103 கெப்பாசிட்டர். நான் சொன்ன மூன்றில் இரண்டு பங்கு எல்லை உள்ளே இந்தக் காலில்தான் இருக்கிறது, சப்ளையில் வரும் குலுக்கல் அந்த எல்லையை ஆட்டாமல் இருக்க இது. 8-க்கும் 1-க்கும் நடுவே, ஐசிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், 104. அவுட்புட் மாறும் கணத்தில் 555 ஒரு நொடிப்பொழுதுக்குச் சட்டென்று அதிகக் கரண்ட் இழுக்கும், அதைப் பக்கத்திலிருந்தே கொடுப்பது இந்தக் கெப்பாசிட்டர்.

4-ஆம் பகுதியில் விட்டுவைத்த எல்இடி ஒயரை இப்போது அவுட்புட்டான 3-ஆம் காலில் கொடுங்கள்.

பேட்டரியை மாட்டிவிட்டு முதலில் ஐசியின் முதுகில் விரல் வையுங்கள். சுட்டால் உடனே கழற்றுங்கள், சப்ளை தலைகீழாகப் போயிருக்கிறது. சூடு இல்லையென்றால் மீட்டரின் கறுப்பு முனையை நீலத்தில் வைத்து 5-ஆம் காலை அளங்கள். சுமார் 6 வோல்ட் வர வேண்டும். 9 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு அது. எனக்கு இந்தச் சோதனைமேல் பெரிய நம்பிக்கை உண்டு, ஏனென்றால் 6 வந்துவிட்டால் சப்ளை சரி, ஐசி சரியான பக்கம் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே எல்லைகளை வகுக்கும் பகுதியும் பிழைத்திருக்கிறது என்று மூன்றும் ஒரே அளவில் தெரிந்துவிடுகிறது. இந்த நேரத்தில் எல்இடி எரிந்தாலும் அணைந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள், மற்ற கால்கள் இன்னும் அந்தரத்தில் இருக்கின்றன.

7. பட்டன்

2-ஆம் காலிலிருந்து ஒரு 10 கிலோ ஓமைச் சிவப்புக்குக் கொடுங்கள். அதே 2-ஆம் காலிலிருந்து பட்டன் வழியாக நீலத்துக்கு. சும்மா இருக்கும்போது ரெசிஸ்டர் அந்தக் காலை மேலே பிடித்து வைத்திருக்கும், பட்டனைத் தட்டினால் கால் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். சப்ளையின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் 555 நேரத்தைத் தொடங்கும்.

இந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டால் பட்டன் இல்லாமலேயே காற்றில் வரும் மின் இரைச்சலுக்கெல்லாம் டைமர் ஓடத் தொடங்கும்.

நான்கு கால் பட்டன் என்றால் கவனம் வேண்டும். அதன் கால்கள் இரண்டு இரண்டாக உள்ளேயே எப்போதும் சேர்ந்திருக்கும், அழுத்தும்போதுதான் ஒரு ஜோடி இன்னொரு ஜோடியோடு சேரும். தவறுதலாக ஒரே ஜோடியின் இரண்டு கால்களை எடுத்துவிட்டால் பட்டன் சதா அழுத்தியபடியே இருப்பதாகத்தான் ஐசி நினைக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய ஒருவர், எல்இடி அணையவே மாட்டேன் என்கிறது என்று கெப்பாசிட்டரை மூன்று முறை மாற்றினார், ஐசியையும் மாற்றினார். பட்டனைப் பிடுங்கிக் கால்பங்கு திருப்பிச் சொருகியதும் சரியானது. இதற்கு எளிய வழி, மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு கால்களை மட்டும் பயன்படுத்துவது. எப்படித் திருப்பி வைத்தாலும் அந்த இரண்டும் வேறு வேறு ஜோடியாகவே இருக்கும்.

சோதனை: 2-ஆம் காலை அளங்கள். சும்மா இருக்கும்போது 9-க்கு அருகில், அழுத்தினால் 0. இது வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

8. நேரம் பிடிக்கும் பகுதி

6-ஐயும் 7-ஐயும் ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். 7-லிருந்து சிவப்புக்கு நேர ரெசிஸ்டர். 6-லிருந்து நீலத்துக்கு 100 மைக்ரோ ஃபாரட். கெப்பாசிட்டரின் உடலில் மைனஸ் பட்டை போட்ட பக்கத்துக் கால் நீலத்தில் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் உள்ளே கசிந்து சூடாகும், மேல்பக்கம் உப்பும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும்.

6 வோல்டேஜைப் பார்க்கும் கண், 7 கெப்பாசிட்டரைக் காலி செய்யும் வாய். இரண்டையும் இணைக்க மறந்தால் ஒன்று நேரம் முடிந்தது ஐசிக்குத் தெரியாது, அல்லது கெப்பாசிட்டர் காலியாகாது.

நேர ரெசிஸ்டராக முதலில் 100 கிலோ போடாதீர்கள், இரண்டாவது 10 கிலோவைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் ஏகப்பட்ட நேரத்தை மிச்சப்படுத்தும். 1.1 விநாடி என்றால் தட்டுகிறீர்கள், எரிகிறது, அணைகிறது, தவறு இருந்தால் அங்கேயே தெரிகிறது. முதல் தடவையே இரண்டு நிமிட டைமர் கட்டுகிறவர்கள், அணையவில்லையா அல்லது இன்னும் நேரம் ஆகவில்லையா என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

9. முதல் ஓட்டம்

பேட்டரியை மாட்டுங்கள். மாட்டியவுடன் எல்இடி ஒருமுறை தானாக எரிந்து அணையலாம், பயப்பட வேண்டாம், சப்ளை ஏறும் அந்தக் கணத்தில் ஐசி ஏதோ ஒரு நிலையில் விழிக்கிறது. அணைந்ததும் பட்டனைத் தட்டிவிட்டுக் கையை எடுங்கள். ஒரு விநாடிக்குச் சற்று மேல் எரிந்து அணைந்தால் சர்க்யூட் வேலை செய்கிறது.

இப்போது பேட்டரியைக் கழற்றி 10 கிலோவை எடுத்துவிட்டு 100 கிலோ போடுங்கள். மீட்டரை 6-ஆம் காலில் வைத்துக்கொண்டு பட்டனைத் தட்டிப் பாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். எண் முதலில் வேகமாக ஓடும், 5 விநாடியில் மூன்றரை வோல்ட்டைத் தொடும், அப்புறம் வரவர மெதுவாகும், 5.7, 5.8, 5.9 என்று ஊர்ந்து 6-ஐத் தொட்ட அதே நொடியில் சடாரென்று பூஜ்ஜியத்துக்கு விழும், எல்இடியும் அணையும். சர்க்யூட்டுக்குள் நடப்பது எல்லாம் அந்த ஒரு எண்ணில் தெரிகிறது.

கணக்கில் 11 வந்தது, கையில் 9 அல்லது 13 வருகிறதா? அது தவறே இல்லை. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்கு 20 சதவீதம் கூடுதல் குறைவு சாதாரணம்.

10. சரியாக ஓடவில்லையென்றால்

எல்இடி எரிந்துகொண்டே இருந்தால் முதலில் 2-ஆம் காலை அளங்கள். 0 என்றால் பட்டன் திரும்பியிருக்கிறது அல்லது 10 கிலோ சேரவில்லை. 9 என்றால் 6-ஆம் காலுக்குப் போங்கள்: அங்கே வோல்டேஜ் ஏறவே இல்லையென்றால் நேர ரெசிஸ்டர் சிவப்பைத் தொடவில்லை, ஏறி நடுவில் நின்றுவிட்டால் கெப்பாசிட்டர் கசிகிறது.

எரியவே இல்லையென்றால் 4-ஆம் காலில் 9 இருக்கிறதா, தட்டும்போது 3-ஆம் காலில் ஏழு, ஏழரை வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். முழு 9 வராது, இந்த வகை ஐசியின் அவுட்புட் சப்ளையைவிட ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் குறைவாகவே நிற்கும். 3-இல் வந்தும் எரியவில்லையென்றால் எல்இடி பக்கம்தான் ஒயர் விட்டுப்போயிருக்கிறது.

பட்டனை விடாமல் பிடித்திருந்தால் நேரம் முடிந்தும் எல்இடி அணையாது. இது கோளாறு இல்லை, 555-இன் இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி தட்டினாலும் நேரம் புதிதாகத் தொடங்காது.

பழைய பேட்டரி இன்னொரு தொல்லை. தனியாக அளந்தால் 9 காட்டும், எல்இடி எரிந்ததும் சரியும். எரியும்போதே அளந்து பாருங்கள். 4.5 வோல்ட்டுக்குக் கீழே இந்த ஐசி நம்பகமாக ஓடாது. மேலே 16 வோல்ட் வரை கொடுக்கலாம்.

11. நேரத்தை மாற்ற, நீட்ட

திருகி மாற்ற வேண்டுமென்றால் 100 கிலோவுக்குப் பதிலாக 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டர் போடலாம். ஆனால் அதோடு தொடராக ஒரு 10 கிலோ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஜ்ஜியத்துக்குத் திருகிய கணத்தில் 7-ஆம் கால் நேராகச் சப்ளையைத் தொடும், உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

1 மெகா ஓம், 100 மைக்ரோ ஃபாரட் சேர்ந்தால் கணக்குப்படி 110 விநாடி. நடைமுறையில் அதைவிட நீளும், சில கெப்பாசிட்டர்களில் முடியவே முடியாது. காரணம் இது: 6 வோல்ட்டை நெருங்கும்போது 1 மெகா ஓம் வழியாக வருவது வெறும் 3 மைக்ரோ ஆம்பியர். கெப்பாசிட்டர் அதே அளவு கசிந்தால் ஊற்றுவதெல்லாம் ஒழுகிவிடும். அதனால் ரெசிஸ்டரை 1 மெகாவுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், பழைய கெப்பாசிட்டரைப் பயன்படுத்தாதீர்கள். சில நிமிடங்களுக்கு மேல் வேண்டுமென்றால் 555-ஐ இழுத்து நீட்டுவதைவிட சிடி 4060 போன்ற கவுண்டர் ஐசிக்கு மாறுவது நல்லது. அது வேகமான துடிப்பை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகிறது, கசிவு அதைத் தொடாது.

12. எல்இடிக்குப் பதில் ரிலே

இதற்கு 12 வோல்ட் சப்ளையும் 12 வோல்ட் காயில் உள்ள சிறிய ரிலேயும் (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தத்தால் மூடும் சுவிட்ச்) எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளை மாறியதால் 5-ஆம் காலில் இனி 8 வோல்ட் வரும். 3-ஆம் காலிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் நீலத்துக்கு, கலெக்டர் காயிலின் ஒரு முனைக்கு, காயிலின் மறுமுனை சிவப்புக்கு.

காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு, ஒன் என் 4007 போதும், பட்டை போட்ட முனை சிவப்புப் பக்கம். ரிலே விடும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும், அந்த உதையை விழுங்கத்தான் இது. ரிலே விட்டதும் டைமர் தானாக மறுபடி தொடங்குகிறது என்றால் முதலில் இந்த டையோடைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் 8-க்கும் 1-க்கும் நடுவே 104-ஓடு கூட இன்னொரு 100 மைக்ரோ ஃபாரட்டைச் சேருங்கள். பட்டனுக்கு நீளமான ஒயர் போட்டிருந்தாலும் இதே தொல்லை வரும், ஒயரைக் குட்டையாக்குங்கள்.

ரிலேயின் காண்டாக்டில் மெயின்ஸ் மின்சாரத்தை (வீட்டுக்கு வரும் கரண்டை) பிரெட்போர்டில் இருக்கும்போது கொடுக்காதீர்கள். அந்தத் துளைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அதற்கானது இல்லை, ஒரு ஒயர் கழன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பேட்டரியும் பல்பும் வைத்துச் சோதியுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் துளையிட்ட பொதுப் பயன்பாட்டுப் போர்டில் எட்டுக் கால் சாக்கெட் வைத்து சால்டர் செய்து, ஐசியைக் கடைசியில் சொருகுங்கள், அங்கேயும் ஐசி போடும் முன் 8-க்கும் 1-க்கும் நடுவே வோல்டேஜை ஒருமுறை அளந்துவிட்டு.